பொம்மைத் தலைக்குக் கேட்டது

சித்த அந்தக் காதுல இருக்கறதைக் கழட்டறீங்களா தம்பி? ஒண்ணுமில்லீங்க, இந்தப் பையை மேல வைக்கச் சொல்றாரு கண்டக்டர். மேல வெச்சு ஒரு பிரேக் போட்டாப் போச்சு. உள்ள இருக்கறது சாமான் இல்லீங்க, நம்ம பிராணன். நீங்க கொஞ்சம் நகந்து உக்காந்தீங்கன்னா மடியிலயே வெச்சுக்குவேன். அவ்வளவுதான். நல்லா இருங்க.

எதுவரைக்கும் தம்பி? திருச்சிங்களா. நான் வெள்ளகோவில்ல எறங்கணும். வெள்ளகோவில் வந்தா ஒரு சத்தம் குடுங்க. பேச ஆரம்பிச்சா எனக்கு ஊரு போறது தெரியாது.

அது என்னங்க காதுல? பிளாட்பாரத்துல வாங்குனதா? தப்பா நெனைக்காதீங்க. அதுல பாட்டுக் கேக்கறது மூக்கை அடைச்சுக்கிட்டுப் பிரியாணி திங்கற மாதிரி. அதுவும் இந்த பஸ்ஸு எரைச்சல்ல, எரைச்சலை மீறிச் சத்தம் வெச்சீங்கன்னா காது போயிரும். காது போனா வராதுங்க. நம்ம காதைச் சோதிச்சுட்டு டாக்டரே சொன்னாரு, வாலிபப் பையன் காதுன்னு. அம்புட்டுப் பத்திரமா வெச்சிருக்கேன்.

பேரு நாச்சிமுத்து. சிங்காநல்லூருப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். நீங்க மில்லுக்குள்ள போயிருக்கீங்களா? நூல் நூக்கற ரிங் ஃபிரேம் மிஷினுக ஓடறப்ப நடுவுல நின்னிருக்கீங்களா? பக்கத்துல நிக்கறவன் தொண்டை கிழியக் கத்துனாலும் வாய் அசையறதுதான் தெரியும். அங்க யாரும் யாரையும் வாயால கூப்பிட மாட்டாங்க. தோளைத் தொடுவோம். மத்ததெல்லாம் சைகை. நான் காதுல பஞ்சு வெச்சே சர்வீஸை ஓட்டுனேன். மில்லுல பஞ்சுக்கா பஞ்சம்? அப்படிக் காலம் தள்ளுனவனுக்கு ரிட்டயர் ஆனதும் என்னங்க வேணும்? ஒருத்தன் காசிக்குப் போவான், ஒருத்தன் சீட்டாடுவான். எனக்கு அமைதி வேணும். அந்த அமைதிக்குள்ள ஒரு வயலின். அம்புட்டுத்தான். இது தப்புங்களா? நீங்களே சொல்லுங்க.

அப்படித்தான் இந்த ஹெட்போன் பழக்கம் வந்துச்சு. தனியா இருந்தாப் பரவாயில்ல, இதுக்குன்னு ஒரு கூட்டமே இருக்குது கோயமுத்தூர்ல. உங்களுக்குத் தெரியாது. செல்வின்னு ஒரு பையன், சரவணம்பட்டியில கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். அனந்துன்னு ஒரு பல் டாக்டர். இன்னும் நாலஞ்சு பேரு. மாசத்துல கடைசி ஞாயித்துக்கிழமை நம்ம ஊட்டுல கூடுவோம். நம்ம ஊடு தெருக் கடைசி. வண்டி சத்தம் கெடையாது. ஆளாளுக்கு அவங்கவங்க ஹெட்போனைப் பச்சக் கொழந்தையாட்டத் துணியில சுத்திக் கொண்டாருவாங்க. ஹால்ல வட்டமா உக்காந்து, இவனுதை அவன் மாட்டி, அவனுதை இவன் மாட்டி, ஒரே பாட்டை ஒரே அளவு சத்தத்துல மாத்தி மாத்திக் கேக்கறது. எதுல குரல் தெளிவு, எதுல மிருதங்கம் கனம், எதுல மேடை அகலம்.

மேடைன்னாங்களா? கண்ணை மூடிட்டுக் கேட்டா, பாடறவரு நடுவுல, மிருதங்கம் எடது கைப் பக்கம், வயலின்காரரு சோத்துக்கைப் பக்கம்னு, எதிர்ல உக்காந்து பாக்கற மாதிரித் தெரியணும். சாதா ஹெட்போன்ல எல்லாரும் உங்க மண்டைக்குள்ள நெருக்கியடிச்சு உக்காந்திருப்பாங்க. நல்ல ஹெட்போன்ல கச்சேரி கேக்க வந்தவங்க கூடத் தெரியும். பின் வரிசையில ஒருத்தர் இருமுனா, எத்தனாவது வரிசைன்னு சொல்லலாம். நான் சொல்லுவேன். கூட்டத்துல அதுக்கு நம்ம கிட்டத்தான் கேப்பாங்க. "நாச்சியண்ணன் என்ன சொல்றாரு?" அப்படீம்பாங்க.

அதுக்கு ஊடு நிசப்தமா இருக்கோணும். நானே சில ஏற்பாடு வெச்சிருந்தேன். கூட்டம் ஆரம்பிச்சா ஃபேனை நிறுத்திருவேன். மோட்டாரு, காலிங் பெல்லு, ரெண்டும் ஆஃப். எல்லாரு செல்போனும் போசின்னு சொல்ற பெரிய பாத்திரத்துக்குள்ள போட்டு மூடி, மாடிப்படிக்கு அடியில. ஜன்னலுக்குக் கனத்த திரை. ஃபிரிட்ஜும் ஆஃப். சிரிக்காதீங்க. ஃபிரிட்ஜு நிக்காம ஒரு முணுமுணுப்பு போடும், உங்களுக்கெல்லாம் தெரியாது. நிறுத்தறப்பத்தான், அடடா, இவ்வளவு நேரம் இது கத்திட்டிருந்துச்சான்னு தெரியும். என்ன, அது பழசு. நிறுத்துனா ஐஸ் உருகித் தண்ணி வடியும். அதுக்கு நம்ம ஊட்டுக்காரி, ருக்குமணி, ஒரு சாக்கை மடிச்சு அடியில வெச்சிருவா. ஒரு சொட்டு வெளிய வராது. கெட்டிக்காரி.

அவளுக்கு இந்தக் கூட்டத்து மேல நக்கல். "செவிடனுக சங்கம் இந்த வாரமுங்களா, அடுத்த வாரமுங்களா?" அப்படீம்பா. ஆனா ஒரு குறை வைக்க மாட்டா. காலையில காப்பி, மத்தியானம் வந்தவங்க அத்தனை பேருக்கும் சாப்பாடு. சோறு தயார்னா ஹால் கதவுகிட்ட வந்து நிப்பா. கூப்பிட மாட்டா. யாராவது கண்ணைத் தொறந்து பாக்கற வரைக்கும் அப்படியே நிப்பா. நல்ல பொம்பளைங்க. பழகிட்டா.

இது பல்லடமா? சரி, இன்னும் நேரம் இருக்குது.

பங்குனியில ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னைக்குச் செல்வின் ஒரு பொம்மைத் தலை கொண்டாந்திருந்தான். கழுத்து வரைக்கும், துணிக்கடை பொம்மையாட்ட. ஆனா ரெண்டு பக்கமும் ரப்பர்ல நெசக் காது செஞ்சு, காதுக்கு ஒண்ணா உள்ள ஒரு மைக்கு. ஒரு மனுசன் அந்த எடத்துல உக்காந்தா என்னென்ன எந்தத் திசையில கேக்குமோ அதை அப்படியே பதிஞ்சுக்கும். என்னத்துக்குன்னா, சில ஹெட்போன் பின்பக்கம் தொறந்த மாதிரி இருக்கும். அதுல கேக்கறப்ப பக்கத்துல இருக்கறவனுக்கும் சத்தம் கசியும், வெளிச் சத்தமும் உள்ள வரும். எது எவ்வளவு கசியுதுன்னு அளக்கணும்னான். சரின்னு ஹால் நடுவுல ஸ்டூல் போட்டு அதை உக்கார வெச்சோம். நானும் அதுவும் ஒரே பக்கம் பாத்து உக்காந்திருந்தோம். முதுகு சமையல்கட்டுப் பக்கம்.

சமையல்கட்டுல தாளிக்கற சத்தம் பொம்மைக்குக் கேக்குதுன்னு செல்வின் சொன்னான். கதவைச் சாத்துனேன். அடியில இடுக்கு. அதையும் அடைச்சாத் தேவலைன்னு, கையில கெடைச்ச ஒரு சாக்கை மடிச்சு அந்த இடுக்குல வெச்சேன். அளவெடுத்துத் தெச்ச மாதிரிப் பொருந்துச்சுங்க. செல்வின் காதுல மாட்டிப் பாத்துட்டு, "அண்ணா, சூப்பர்"ன்னான்.

சித்த நேரங்கழிச்சு ருக்குமணி அந்தப் பக்கமாக் கதவைத் தொறந்து, "ஏனுங்க, அந்தச் சாக்கு..."ன்னா. அப்பத்தான் எல்லாரும் மாட்டிட்டு உக்காந்திருக்கோம். பொம்மை வேற பதிஞ்சிட்டிருக்குது. நான் வாயில வெரலை வெச்சு, அப்புறம்னு கையைக் காட்டுனேன். சொன்னாப் புரிஞ்சுக்குவா. கதவைச் சாத்திட்டுப் போயிட்டா.

அனந்து டாக்டரு அன்னைக்குப் புது ஹெட்போன் ஒண்ணு வாங்கிட்டு வந்திருந்தாரு. பின்பக்கம் தொறந்த வகை. மொதல்ல நாச்சியண்ணன் கேக்கட்டும்னு எங்கிட்டக் குடுத்தாரு. மரியாதை தெரிஞ்ச மனுசன். ஒரு புல்லாங்குழல் கச்சேரி, சபாவுல நேரடியாப் பதிஞ்சது, போட்டாங்க. கண்ணை மூடிட்டேன். தம்பி, என்ன சொல்றது. குழலுக்குள்ள காத்துப் போறது கேக்குது. தம்புராக்காரம்மா வளையல் கேக்குது. முன் வரிசையில யாரோ தொடையில தாளம் போடறது கேக்குது. அப்படியே போயிட்டிருக்கறப்ப, ராகம் மெதுவா எறங்கற எடத்துல, பின்னாடி, எடது கைப் பக்கம், ரொம்பத் தள்ளி ஒரு பொம்பளை யாரையோ கூப்பிடறா. கூட்டத்துக்குப் பின்னால, வாசப்பக்கத்துல நின்னு கூப்பிடற மாதிரி. மறுக்காவும் கூப்பிடறா.

எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சுங்க. இத்தனை வருசத்துல எந்த ஹெட்போன்லயும் அவ்வளவு ஆழத்துல நான் ஒரு குரலைக் கேட்டதில்ல. கண்ணைத் தொறக்காமயே டாக்டருக்குக் கட்டைவெரலை உசத்திக் காட்டுனேன். முடிஞ்சதும் கழட்டிட்டுச் சொன்னேன். "டாக்டர், இது சாதாரணச் சாமான் இல்ல. சபா வாசல்ல ஒரு அம்மா யாரையோ கூப்பிடறது வரைக்கும் கேக்குது"ன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அப்புறம் டாக்டர் மாட்டிக் கேட்டாரு. அவருக்கு அது கேக்கல. செல்வினுக்கும் கேக்கல. "அண்ணன் காது வேற, நம்ம காது வேற"ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. மில்லுல எரைச்சல்ல வெந்த காது இது.

அப்புறம் பசி வந்துச்சு. ருக்குமணி வந்து கதவுல நிக்கவே இல்ல. மணி ரெண்டுக்கு மேல ஆயிருச்சு. எனக்குக் கொஞ்சம் கோவம். வந்தவங்க முன்னாடி மானம் போகுதே. சமையல்கட்டுக்குப் போனா ஆளைக் காணோம். அடுப்பு அணைஞ்சிருக்குது. ரசம் மட்டும் இறக்கி வெச்சிருக்குது, சோறு வடிக்கல. தரையெல்லாம் தண்ணி. ஃபிரிட்ஜுக்கு முன்னாடி கொளமாட்ட நிக்குது. பின்கதவு தொறந்து கெடக்குது. பக்கத்து ஊட்டுக்குப் பேசப் போயிட்டான்னு நெனைச்சேன். பல்கீஸுன்னு ஒரு புள்ள, தையல் மிஷின் வெச்சிருக்குது, ரெண்டு பேருக்கும் ஒட்டுதல் ஜாஸ்தி. சரி, வந்தவங்களைப் பட்டினி போட முடியுமா? பார்சல் வாங்கி வரச் சொல்லிச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிச்சு, கெளம்பறப்பத்தான் போசியைத் தொறந்து செல்போனை எடுத்தோம். நம்ம போன்ல அத்தனை மிஸ்டு கால். பல்கீஸு. மக மேகலா. மாப்பிள்ளை. மறுக்கா பல்கீஸு.

ருக்குமணி அந்தத் தண்ணியில வழுக்கி விழுந்திருக்கறா. கணுக்கால் முறிஞ்சிருச்சு. பல்கீஸு பின்வாசல் வழியா வந்து, ஆட்டோக்காரனைக் கூப்பிட்டு, ரெண்டு பேருமாத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அந்தப் புள்ள முன்பக்கம் வந்து பெல்லை அழுத்தியிருக்குது. ஜன்னலையும் தட்டியிருக்குது. ஆட்டோ நம்ம ஊட்டு வாசல்லதான் நின்னுதாம். அந்த ஆட்டோச் சத்தம் கூட எங்களுக்குக் கேக்கலைன்னா, ஏற்பாடு அவ்வளவு பக்காவா இருந்திருக்குது.

அதெல்லாம் அந்தப் பழைய ஃபிரிட்ஜால வந்த வெனைங்க. மாத்திரலாம்னு நான்தான் சொல்லிட்டே இருந்தேன். அவதான் ஓடற வரைக்கும் ஓடட்டும்பா.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்டுப் படுக்க வெச்சிருந்தாங்க. நான் பதறிப் போய், "என்ன ருக்கு, எப்படி ஆச்சு?"ங்கறேன். அவ என்னை நிமிந்து பாத்து, "அந்தச் சாக்கு கதவுலயேதான் இருக்குதுங்களா?"ங்கறா. காலு ஒடஞ்சு கெடக்கறா, சாக்கைப் பத்திக் கேக்கறா பாருங்க. வலிக்குப் போட்ட ஊசி மயக்கம். நர்ஸு கூடச் சொன்னாங்க, அப்படித்தான் என்னத்தையாவது பேசுவாங்கன்னு. அதுக்கப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

மேகலா வெள்ளகோவில்ல இருந்து வந்து கூட்டிட்டுப் போயிட்டா. நம்ம ஊட்டுல தரையெல்லாம் வழவழன்னு இருக்குது, காலு சரியாகற வரைக்கும் அங்க இருக்கட்டும்னு சொன்னாங்க. நியாயந்தான். நானும் சரின்னேன். காலு சரியாயிருச்சு. கட்டுப் பிரிச்சாச்சு, கோயிலுக்கு நடந்து போறாளாம். ஆடி நோம்பிக்கு வருவான்னு பாத்தேன். வரல. போன் போட்டா எடுக்கறா, "ம்"ங்கறா, "சாப்பிட்டீங்களா"ங்கறா, வெச்சிடறா. மாப்பிள்ளைகிட்டக் கேட்டேன், என்னதான் சொல்றா உங்க அத்தைன்னு. அவரு சங்கடப்பட்டுட்டுச் சொன்னாரு. "கூப்பிட்டாக் கேக்கற ஊட்டுல கொஞ்ச நாள் இருந்துக்கறேன்"னு சொல்றாளாம்.

இந்த வார்த்தைதாங்க. இந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்க உடலை. அப்படின்னா என்ன அர்த்தம்? நான் கூப்பிட்டேன், இந்தாளு வரலைன்னு தானே? சொந்தக்காரங்க மத்தியில அதுதான் பேச்சு. பொண்டாட்டி கீழ விழுந்து கத்தறா, இவன் பாட்டுக் கேட்டுட்டு உக்காந்திருந்தான். கல்யாணத்துக்குப் போனாக் கூட ஒரு மாதிரிப் பாக்கறாங்க. பந்தியில என் பக்கத்து எலை காலியாக் கெடக்குது.

கூட்டமும் போச்சு. இப்ப டாக்டர் ஊட்டுல நடக்குது. எனக்குச் சொல்லவே இல்ல, அவங்களா மாத்திக்கிட்டாங்க. போகட்டும். இப்ப நம்ம ஊடு இருக்கற அமைதிக்கு ஃபிரிட்ஜை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லீங்க. அதுல வைக்க ஒண்ணுமில்லைன்னு கழட்டியே போட்டுட்டேன். தாளிக்கற சத்தமில்ல, டம்ளர் சத்தமில்ல. எந்த அமைதிக்கு ஆசைப்பட்டனோ அது பாட்டுக்கு ஊடு பூரா நெறைஞ்சு கெடக்குது. ஆனா மாட்டிட்டு உக்காந்தா ரெண்டு நிமிசம் கேக்க முடியல. கழட்டி வெச்சிட்டு எந்திரிச்சுப் போய் அந்தக் கதவைத் தொறந்து பாக்கறேன். என்னத்துக்குன்னு தெரியல. அங்க யாரும் நிக்கறதில்ல. எனக்கு எதுவும் கேக்கப் பிடிக்கலைங்க தம்பி, அதுதான் நெசம்.

கேளுங்க, இப்பத்தான் விசயமே. போன வாரம் செல்வின் வந்தான். பையன் மொகத்தைப் பாத்தே பேசல. அந்தப் பொம்மையில பதிஞ்சதை இப்பத்தான் முழுசாக் கேட்டிருக்கான். "அண்ணா, அதுல அக்கா குரல் இருக்குது. அழிச்சிறட்டுமா?"ங்கறான். அழிக்கறதா? எடு மொதல்லன்னு வாங்கிட்டேன். ஹால்ல இருந்த அத்தனை காதும் அடைச்சிருந்துச்சு, தொறந்திருந்த காது அந்தப் பொம்மையோடது மட்டுந்தான். அது பொய் சொல்லாது, அதுக்கு யாரும் மாமன் மச்சான் இல்ல.

வாங்கிக் கேட்டேன். கேட்டா என்ன தெரியுதுங்க? அவ என்னைக் கூப்பிடவே இல்ல!

ஆமாங்க. விழற சத்தம் இருக்குது. தண்ணி சளக்குங்கறது, கரண்டி உருள்றது, எல்லாம் இருக்குது. அப்புறம் அவ குரல். "பல்கீஸு... பல்கீஸு... அம்மிணி, இங்க வந்துட்டுப் போ சாமி..." அதையேதான் திருப்பித் திருப்பிக் கூப்பிடறா. நடுவுல ரெண்டு சுவரு, அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிட்டிருக்குது. அந்தப் புள்ளைக்கு அதுல எப்படிக் கேட்டுச்சோ, வந்துருச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் மெதுவாப் பேசிக்கறாங்க, தூக்கிட்டு வெளிய போற சத்தம், ஜன்னல் தட்டற சத்தம், அவ்வளவுதான். எங்கயாவது ஒரு எடத்துல "ஏனுங்க"ன்னு இருக்குதா? கெடையாது. அவ என்னைக் கூப்பிடறது "ஏனுங்க"தான், கல்யாணமான நாள்ல இருந்து. அது இல்லவே இல்ல. கூப்பிடாதவனுக்குக் கேக்கலைன்னு எப்படீங்க குத்தம் சொல்ல முடியும்?

அதுக்குத்தான் இந்தப் பை. நல்ல ஹெட்போனாக் கொண்டு போறேன். மகளும் மாப்பிள்ளையும் இருக்கறப்ப, அவளை உக்கார வெச்சு, காதுல மாட்டி, கேளு, எங்க என்னைக் கூப்பிட்டிருக்கேன்னு காட்டுன்னு சொல்லப் போறேன். கேட்டுட்டு நியாயத்தை ஒத்துக்கிட்டு வரட்டும். சேலையெல்லாம் பீரோவுலதான் இருக்குது.

மேகலாகிட்டப் போன்ல இதைச் சொன்னேன். அவ எடக்காக் கேக்கறா. "அப்பா, சபா வாசல்ல ஒரு அம்மா கூப்பிட்டாங்கன்னு சொல்லிக் கை தட்டு வாங்குனீங்களாமே, அது யாருப்பா?"ங்கறா. செல்வின் சொல்லியிருக்கான் போல. "ரெண்டு ஹெட்போன் வயருக்கு நடுவுல சத்தத்துல வித்தியாசம் கண்டுபுடிக்கறீங்க, அம்மா குரலு தெரியலையா?"ங்கறா. அந்த ஹெட்போன் அவ்வளவு நல்லாருந்துச்சுங்க. எது உள்ள, எது வெளியன்னு பிரிக்க முடியல. அதுவுமில்லாம, அவ குரலை நான் அந்த மாதிரிக் கேட்டதே இல்ல. ஊட்டுல அவ சத்தம் போட்டு யாரையும் கூப்பிட்டதே இல்லீங்களே. வந்து நிப்பா, அவ்வளவுதான். எனக்கு எப்படித் தெரியும்?

காங்கேயம் தாண்டியாச்சா? அப்ப நேரமிருக்குது. நீங்க ஒருக்கா கேளுங்க தம்பி. நீங்க மூணாம் மனுசன், உங்களுக்கு எங்க பக்கமும் இல்ல, அவங்க பக்கமும் இல்ல. நியாயம் சொல்லுங்க. இருங்க, பையைப் பிரிக்கறேன். இப்படி மாட்டணும். காது முழுசா உள்ள போகட்டும். கண்ணை மூடிக்கங்க. போடறேன்.

பாத்தீங்களா! திரும்பிட்டீங்க! பாத்தேன், பாத்தேன், பின்னாடி எடது கைப் பக்கம் கரெக்டாத் திரும்பிப் பாத்தீங்க. எல்லாரும் அப்படித்தான். மாப்பிள்ளையோட தம்பிக்குப் போட்டுக் காட்டுனேன், அவரு சேரை உட்டு எந்திரிச்சே நின்னுட்டாரு. யாரோ நெசமாக் கூப்பிடறாங்கன்னு. அதுதான் அந்தப் பொம்மையோட விசேசம். முழுசாக் கேளுங்க, நடுவுல கழட்டாதீங்க. ஏனுங்க கழட்டிட்டீங்க? போதுமா? சரி. இப்பச் சொல்லுங்க. என்னைக் கூப்பிட்டாளா?

என்ன கேக்கறீங்க?

ஏன் என்னைக் கூப்பிடலைங்கறீங்களா?

அதைத்தானுங்க நானும் கேக்கறேன்! அதைக் கேக்கத்தானே பஸ்ஸேறிப் போயிட்டிருக்கேன். நான் எங்க சீமைக்கா போயிருந்தேன்? நடுவுல ஒரு கதவு. அதுல ஒரு சாக்கு. அவ்வளவுதான். கட்டுன புருசன் பத்தடியில உக்காந்திருக்கறப்ப, ரெண்டு சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவளைக் கூப்பிட்டிருக்கான்னா... கூப்பிட்டிருந்தா நான் ஓடி வந்திருக்க மாட்டேனா? போட்டது போட்டபடி ஓடியாந்திருப்பேன். அது அவளுக்குத் தெரியுமில்லீங்களா?

தெரியுமில்லீங்களா தம்பி?

குடுங்க அதை. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நான் இதைத் தெனமும் கேக்கறேன். சாட்சிக்காக மட்டும் இல்ல. அந்த விழற சத்தத்துக்கும் மொத "பல்கீஸு"க்கும் நடுவுல கொஞ்சம் எடம் இருக்குது. வெறும் மூச்சு. அதுல மெதுவா, வாய்க்குள்ளயாவது, ஒரு "ஏனுங்க" இருக்குதான்னு பாக்கறேன். இருந்துச்சுன்னா நான் தோத்துப் போயிருவேன். ஊரு சொல்றதுதான் நெசம்னு ஆயிரும். இருந்தும் தேடறேன். சத்தத்தை ஏத்தி வெச்சுத் தேடறேன். ஒருக்காவாவது என்னை நெனைச்சிருக்க மாட்டாளா?

இருங்க, இன்னொருக்கா கேட்டுக்கறேன். வெள்ளகோவில் வந்தாச் சொல்லுங்க, மறந்துராதீங்க.

ஆங்? யாரது? யாரு தோளைத் தொட்டது?

என்னங்க கண்டக்டர்? வெள்ளகோவிலா? தாண்டியாச்சா? அய்யோ, நிறுத்துங்க, நிறுத்துங்க. பை, பை, இருங்க. யாரு சொன்னாங்க உங்களுக்கு, நான் எறங்கணும்னு?

இந்தத் தம்பியா?

ஏன் தம்பி, அத்தனை தூரத்துல முன்னாடி நிக்கற கண்டக்டரையா கூப்பிட்டீங்க? நான் உங்க பக்கத்துலதானுங்களே உக்காந்திருக்கேன். தோளும் தோளும் இடிச்சுட்டு உக்காந்திருக்கோம். என்னைக் கூப்பிட வேண்டியதுதானே? என்னைய ஏனுங்க...

எறங்கறேனுங்க கண்டக்டர், எறங்கறேன், விசிலடிக்காதீங்க. ஒரு நிமிசம்.

தம்பி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். மொதல்ல என்னைக் கூப்பிட்டுப் பாத்தீங்களா? இல்ல, கூப்பிட்டும் பிரயோசனமில்லைன்னு உட்டுட்டீங்களா? தலையை ஆட்டாதீங்க. வாயைத் தொறந்து சொல்லுங்க தம்பி. எனக்குக் காது நல்லாக் கேக்கும்.